‘கெட்டது’ என்று எழுதிய பிஸ்கட் டின்

இந்த எடிட்டிங் அறையின் மேல்தட்டில் இருக்கும் அந்த நீலப் பெட்டியைப் பற்றி என்னிடம் கேட்காதவர் உங்களில் ஒருவர்கூட இல்லை. வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்காது, வந்துவிடுவீர்கள். “அக்கா, அந்தப் பொம்மைக்காரர் படம் ஏன் முடியல? ரீலெல்லாம் இருக்குல்ல? குடுங்க, ரெண்டு வாரத்துல முடிச்சுடறோம் லா.” போன மாதம் வந்த பெண் இன்னும் ஒரு படி மேலே போய், எது குறைகிறதோ அதைக் கணினியே செய்து கொடுத்துவிடும் என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கோப்பி ஆறியே போய்விட்டது. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் இந்த ஒரே கேள்விக்காக என்னைப் பெட்டாலிங் ஜெயாவுக்கு வரவழைக்கிறீர்கள். ஒரே தடவை சொல்கிறேன், எழுதியும் கொடுத்துவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இந்தத் தாள்களைக் காட்டுங்கள். என்னை விட்டுவிடுங்கள்.

படத்தின் இயக்குநர் தினேஷ். நான் எடிட்டர். அவன் வயதில் என்னைவிட இருபத்தைந்து குறைவு, பிடிவாதத்தில் இருபத்தைந்து கூடுதல். கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. தொல்லையே அதுதான். மக்குப் பையனாக இருந்தால் நான் சொன்னதைக் கேட்டிருப்பான்.

படம், கிள்ளானில் இருந்த ஆறுமுகம் அங்கிளைப் பற்றியது. யார் காலும் இல்லாமல் ஒரு ஜோடி சப்பாத்து தானாகவே மாடிப்படி ஏறிப் போகும் விளம்பரம் ஒன்று ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் வரும். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு என் சப்பாத்தையும் படிக்கட்டில் வைத்துக் காத்திருந்தவள் நான். அதைச் செய்தவர் அவர். பொம்மையை ஒரு நூலளவு நகர்த்தி ஒரு பிரேம் எடுக்க வேண்டும். இன்னொரு நூலளவு நகர்த்தி இன்னொரு பிரேம். ஒரு நாள் முழுக்கக் குனிந்து நின்றால் மூன்று வினாடிப் படம் கிடைக்கும். இந்த நாட்டில் பொம்மையை நடக்க வைத்த முதல் ஆள் அவர்தான் என்று எங்கள் தொழிலில் மூத்தவர்கள் சொல்வார்கள். அவரைக் கேட்டால், “அதெல்லாம் யாருக்குத் தெரியும் லா, எனக்கு முன்னாடி எவனாச்சும் செஞ்சிருப்பான்” என்பார். எல்லாம் செய்தது வீட்டின் பின்னறையில், ஒரே மேஜையில். வேலையிலிருந்து நின்ற பிறகும் அதே மேஜையில், குடை பிடித்த ஒரு பொம்மைப் பெண்ணை நடக்க வைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரை எப்படி எடுப்பது? தினேஷுக்கு ஒரு யோசனை வந்தது. முழுப் படத்தையும் வீட்டுப் படம் போல எடுக்க வேண்டுமாம். வீட்டுப் படம் போல என்றால், அந்தக் காலத்தில் பிறந்தநாளும் கல்யாணமும் எடுத்த அதே சின்ன பிலிம் கேமராவில். ஒரு ரீல் இரண்டரை நிமிஷம்தான் ஓடும். சத்தம் பதியாது, அதைத் தனியாகப் பதிய வேண்டும். எடுத்ததைக் கழுவ வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். கழுவி வரும்வரை அதில் என்ன இருக்கிறது என்று கடவுளுக்கும் தெரியாது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். உங்கள் கைப்பேசியில்கூட எடுத்த மறு நொடி பார்க்கலாம், இவன் ஐந்து மாதம் கண்ணைக் கட்டிக்கொண்டு படம் எடுக்கப் போகிறான்.

“தினேஷ், ஒரே ஒரு ரீலையாவது முதல்ல அனுப்பிப் பார்த்துடுவோம்” என்றேன்.

“வேணாம்க்கா. எல்லாத்தையும் ஒண்ணாக் கழுவுனாத்தான் கலர் ஒண்ணா வரும். தனித்தனியா அனுப்புனா ஒண்ணு நீலமா வரும், ஒண்ணு மஞ்சளா வரும்.”

“வந்துட்டுப் போகட்டுமே. உள்ள என்ன இருக்குன்னாவது தெரியும்ல?”

“அக்கா, டென்ஷன் ஆகாதீங்க லா. ஒவ்வொரு பிரேமும் நான் கண்ணால பார்த்துத்தான் வைக்கறேன்.”

இந்த இடத்தில் என் பழைய அதிகாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சி நிலையத்தில் நான் புதிதாகச் சேர்ந்தபோது மேலே இருந்த மலாய்க்கார அக்கா. பேரைப் போட்டால் இப்போதும் போன் போட்டுத் திட்டுவார், அதனால் போடவில்லை. பிலிம் வந்தால் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் சட்டம். “தெங்கோக் டூலு” என்பார், முதலில் பார் என்று. ஒரு நாள் பார்க்காமலேயே “எல்லாம் சரியா இருக்கு” என்று தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். வெளிச்சம் பட்டு ரீல் முழுக்க வெளுத்துப்போயிருந்தது. அவர் கத்தவில்லை. என்னை உட்கார வைத்து, ஒன்றுமே தெரியாத அந்தப் பத்து நிமிஷ வெள்ளையை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை பார்க்க வைத்தார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் நான் எதையும் பார்க்காமல் விட்டதில்லை. தினேஷிடம் ஒரு தடவை சொன்னேன், அவன் கேட்கவில்லை, நானும் வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். கழுத்தைப் பிடித்தாவது சொல்லியிருக்க வேண்டும்.

முதல் நாள் மட்டும் நானும் கிள்ளானுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் அங்கிளின் ஒரே மகள் கோமதி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவும் மகளும்தான் அந்த வீட்டில். தினேஷ் உள்ளே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனதும் என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

“அக்கா, அப்பாவுக்கு இதயம் ரொம்ப வீக்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு டாக்குமென்டரியெல்லாம் ஒண்ணும் வேணாம். எங்கப்பா வீட்ல எல்லாரையும் எடுத்திருக்காரு. அம்மாவ, என்னைய, பூனையக்கூட. அவரு மட்டும் ஒண்ணுலயும் இல்ல.” கைப்பேசியைத் திறந்து காட்டினாள். பத்துமலைக்குப் போனபோது எடுத்த வீடியோவில் அங்கிளின் முழங்கை இருந்தது. ஒரு கல்யாண வீட்டில் பின்னந்தலை. இன்னொன்றில் ஒற்றைச் செருப்பு. “போனைத் தூக்குனாலே நழுவிடுவாரு. நடக்கற மாதிரி, திரும்பிப் பாக்கற மாதிரி, ஒரு நிமிஷம் போதும்க்கா. அத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க.”

“அதுக்குத்தானே வந்திருக்கோம்” என்றேன். வாக்குக் கொடுத்தது தினேஷ் இல்லை. நான்.

பின்னறையில் ஒரு சட்டம் இருந்தது. அங்கிள் மேஜையருகே வேறு யாரும் நிற்கக் கூடாது. ஆள் நடந்தால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் பொம்மை ஒரு நூலளவு நகரும், அரை நாள் வேலை பாழ். மூச்சுக்கூட மெதுவாக விட வேண்டும். ஆகவே தினேஷ், அங்கிளை மேஜையில் உட்கார வைத்து, கேமராவை நிறுத்தி, சரியாகப் பார்த்து, பொத்தானை அமுக்கிப் பூட்டிவிட்டு, திரையை இழுத்துவிட்டு ஹாலுக்கு வந்துவிடுவான். இரண்டரை நிமிஷம் கழித்து உள்ளே போவான். சத்தம் பதிக்கும் கருவி மேஜைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அங்கிள் இயல்பாக இருப்பார் என்பது அவன் கணக்கு. உட்கார வைத்துப் பேட்டி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டான், டிவி மாதிரி இருக்குமாம். கைப்பேசியில் யாரும் எடுக்கக் கூடாது என்றும் தடை போட்டான். சனிக்கிழமை தோறும் இரண்டு ரீல். ஐந்து மாதத்தில் நாற்பது ரீல். எல்லாம் அவன் வீட்டுக் குளிர்பெட்டியில், அவன் அம்மா மீன் வைக்கும் டப்பாவுக்குப் பக்கத்தில்.

திங்கட்கிழமை தோறும் சத்தம் மட்டும் என்னிடம் வந்துவிடும். கேட்டுக் கேட்டுக் குறிப்பெழுதுவேன். அங்கிள் நன்றாகப் பேசுவார். பொம்மைக்கு மெத்தைப் பஞ்சிலிருந்து கன்னம் செய்த கதையைச் சொல்வார். நடுநடுவே மகளைப் பற்றிப் புகார். “இவ ஒருத்தி தம்பி. எட்டு ஒம்பது வயசிலேர்ந்து இவளுக்கு இதே வேலை. அம்மா சுங்கை வே ஃபேக்டரில மத்தியான ஷிப்டு. இவ ஸ்கூல் விட்டு வந்து சோத்தச் சூடு பண்ணிட்டு, சாப்பாடு சாப்பாடுன்னு கத்துவா. நான் கேமராவ அமுக்குற நேரம் பார்த்துக் கத்துவா. எத்தன ஷாட்டக் கெடுத்திருக்கா தெரியுமா?” கோமதியும் சளைத்தவள் இல்லை, ஹாலிலிருந்தே பதில் கொடுப்பாள். “கூப்பிடலன்னா சாப்பிடவே மாட்டீங்க! அம்மாகிட்ட யாரு திட்டு வாங்கறது?” எனக்குச் சிரிப்பு வரும். நல்ல படமாக வரப்போகிறது என்று நம்பி உட்கார்ந்திருந்தேன்.

ரீல்களை ஒன்றாக மூட்டை கட்டி அனுப்பினோம். அடுத்த வாரமே, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்த அங்கிள் அப்படியே சாய்ந்துவிட்டார்.

துக்க வீட்டுக்குப் போனேன். கோமதி என் கையை விடவே இல்லை. “நல்லவேளைக்கா, நீங்க எடுத்து வச்சீங்க. இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காது” என்றாள். அழுதுகொண்டே என்னிடம் நன்றி சொன்னாள். அந்த நன்றியை நான் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாளில் ரீல்கள் வந்தன. இதே அறையில்தான் தினேஷும் நானும் போட்டுப் பார்த்தோம். முதல் ரீல். அங்கிள் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார், தலை குனிந்திருக்கிறது, அரை வினாடி. சட்டென்று வலது பக்கம் ஒரு சட்டை நகர்கிறது. பிறகு மேஜை. மேஜை மேல் குடைக்காரப் பொம்மை. இரண்டரை நிமிஷம் அந்தப் பொம்மை அசையாமல் நிற்கிறது. இரண்டாம் ரீல். மேஜை, பொம்மை. மூன்றாம் ரீலில் பொம்மை நான்கு அங்குலம் தள்ளி நிற்கிறது. அதுவும் அசையவில்லை. தினேஷ் ரீலை மாற்றிக்கொண்டே இருந்தான். ஏழாவது ரீலில் ஜன்னல் காற்றுக்குக் குடை லேசாக ஆடியது, அதுதான் மொத்தத்தில் பெரிய சம்பவம். அசையாத பொம்மைகளை அசைய வைத்த மனிதரைப் பற்றிய படத்தில், நாற்பது ரீல், அசையாத பொம்மை.

“எங்கக்கா போனாரு?” என்றான் தினேஷ்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குறிப்பு நோட்டை எடுத்தேன். என் கைப்பட எழுதியது. முதல் ரீல்: ‘நான் விலகிட்டேன் தம்பி, எடுங்க.’ ஐந்தாம் ரீல்: ‘விலகிட்டேன், எடுங்க எடுங்க.’ பன்னிரண்டு: ‘சரி சரி, விலகிட்டேன்.’ முப்பத்தொன்றில்: ‘நின்னு நின்னு கால் வலிக்குதப்பா, சீக்கிரம் எடுங்க.’ அடோய், நானே எழுதியிருக்கிறேன்! ஒரு தடவை இல்லை, பத்துப் பன்னிரண்டு தடவை. ஏதோ பேச்சுவாக்கில் சொல்கிறார் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

ஐம்பது வருஷம் அந்த மனிதருக்கு ஒரே ஒரு பழக்கம். பொம்மையைத் தொடு, கையை எடு, பிரேமை விட்டு விலகு, கேமராவை அமுக்கு. கேமரா சத்தம் கேட்டால் உடம்பு வெளியே இருக்க வேண்டும். தினேஷ் பொத்தானை அமுக்கிவிட்டுப் போனதும் கேமரா கரகரவென்று ஓடும், அவர் எழுந்து சுவரோரம் போய் நின்றுவிடுவார். சத்தம் நின்றதும் வந்து உட்கார்ந்துவிடுவார், தினேஷ் உள்ளே போகும்போது மேஜையில் இருப்பார். ஒவ்வொரு தடவையும் இரண்டரை நிமிஷம், இதயம் பலவீனமான மனிதர், சுவரில் சாய்ந்துகொண்டு, கதை சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். தன் பொம்மைகளைப் பற்றித்தான் படம் என்று நினைத்திருக்கிறார். எங்களுக்கு மரியாதை செய்திருக்கிறார்.

அன்றிலிருந்து பத்து நாள் நான் செய்தது என் தொழில் வாழ்க்கையிலேயே அசிங்கமான காரியம். கோமதி போன் போடுவாள். “அக்கா, ரீல் வந்துருச்சா? அப்பா படத்துல நல்லா விழுந்திருக்காரா?” நான், “இன்னும் வரலம்மா” என்பேன். மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவள், “பரவால்லக்கா, நிதானமா வரட்டும்” என்றாள். போனை வைத்துவிட்டு என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

தினேஷ் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். “அக்கா, டெங்கில் பக்கம் என் பெரியப்பா இருக்காரு. அதே உடம்பு, அதே மாதிரி வழுக்கை. பின்பக்கமா எடுத்துடலாம், கை மட்டும் குளோசப். இந்த பிலிம்ல அவ்வளவு புள்ளி புள்ளியா இருக்கும், யாருக்கும் தெரியாது.”

“அவளுக்குத் தெரியும்டா.”

“நாம சொல்லலன்னா?”

“அவ அப்பா கையடா அது! உன் பெரியப்பா கையக் காட்டி அவள அழ வைக்கப் போறியா? அப்படி ஒரு ஷாட் இந்த மேஜைக்கு வந்துச்சுன்னா நீ வேற எடிட்டரப் பாத்துக்க.” நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அலுவலகத்துச் சீனர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தினேஷ் கெட்டவன் இல்லை. பயந்துபோயிருந்தான். பயந்த ஆள் முதலில் கண்ணில் படும் கதவைத் திறப்பான். நீங்களும் திறப்பீர்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் போனேன். வழியெல்லாம் ஜாம், எனக்கு அது நல்லதாகவே பட்டது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அவள் எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். ரீல் வந்து பத்து நாளாகிறது, பொய் சொன்னேன், உன் அப்பா எதிலும் இல்லை.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு வெடித்தாள்.

“அஞ்சு மாசம்க்கா! சனிக்கிழமையானா வந்தீங்க. டீ போட்டேன், மீ கோரெங் செஞ்சு போட்டேன், காத்தாடி சத்தம் வருதுன்னு சொன்னா ஆஃப் பண்ணிட்டு வேர்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு மூஞ்சி எடுக்கத் தெரியலயா உங்களுக்கு? நான்கூட போன்ல திருட்டுத்தனமா எடுத்திருப்பேன், உங்க டைரக்டரு எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. நீங்க எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்தீங்களா?”

முப்பது வருஷ அனுபவம் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்த பிறகு அவளே சொன்னாள். “வீட்ல அப்பாவோட குப்பையெல்லாம் கெடக்கு. அதையும் வந்து அள்ளிக்கிட்டுப் போங்க. பாக்கவே முடியல என்னால.”

ஞாயிற்றுக்கிழமை போய் அள்ளிக்கொண்டு வந்தேன். கம்பி, பஞ்சு, பொம்மைத் தலைகள், பிலிம் சுருள்கள். அதோடு சதுரமான பெரிய பிஸ்கட் டின் ஒன்று. மூடி மேல் ஒட்டுத்தாளில் அவர் கையெழுத்தில் ‘கெட்டது’ என்று எழுதியிருந்தது. உள்ளே சின்னச் சின்ன உறைகள், ஒவ்வொன்றின் மேலும் எந்தப் படம், எந்த வருஷம் என்ற குறிப்பு. உறைக்குள் ஒற்றை ஒற்றையாக வெட்டிய பிரேம்கள், நகத்தளவு.

என்னவென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இந்த வேலையில் எப்போதாவது கை விலகுவதற்கு முன்னால் மறு கையில் இருக்கும் கேமராப் பொத்தான் அமுங்கிவிடும். அந்த ஒரு பிரேமில் மனிதக் கை விழுந்துவிடும். ஓட்டும்போது பளிச்சென்று கண்ணில் குத்தும். அப்படிப்பட்ட பிரேமை வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஒட்டுவார்கள். இவர் வெட்டியிருக்கிறார், எறியவில்லை. எதையும் எறியாத மனிதர். டின் நிறைய இருந்தவை, பிரேமை விட்டு அவர் விலகத் தவறிய தருணங்கள்.

மூன்று வாரம் விளக்குப் பலகை மேல் இடுக்கியோடு உட்கார்ந்தேன். கண் போயிற்று, கழுத்து போயிற்று, வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே செய்தேன். உறையின் வருஷப்படி வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் படம் பிடித்தேன். இருநூற்றுச் சொச்சம். பெரும்பாலும் கை. முதலில் இளமையான கை, கறுத்த முடியோடு. பிறகு மணிக்கட்டில் கடிகாரம் வருகிறது. சட்டைக் கை நீளமாகிறது, குட்டையாகிறது. நரம்பு தெரிய ஆரம்பிக்கிறது. பாதியிலிருந்து முகமும் வருகிறது, நாற்பது ஐம்பது பிரேமில். எல்லாவற்றிலும் அவர் ஒரே பக்கம், இடது பக்கம், திரும்பியிருக்கிறார். வாய் பாதி திறந்திருக்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பக்கம் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. வினாடிக்குப் பன்னிரண்டாக ஓட்டினால் எல்லாம் சேர்த்துப் பதினெட்டு வினாடி வந்தது.

கோமதியை இங்கே வரச் சொன்னேன். தினேஷும் இருந்தான். விளக்கம் எதுவும் சொல்லாமல் போட்டேன். கை வந்தது, கை போனது, கை முதிர்ந்தது. முகம் வந்தது. கறுத்த தலை வெளுத்தது, வெளுத்த தலை வழுக்கையானது. ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அந்த மனிதர் கிழவரானார். முதல் முகங்களில் உண்மையான கோபம் இருந்தது. போகப் போக அது கோபம் மாதிரி நடிப்பு. இத்தனை வருஷம் முகங்களை வெட்டி ஒட்டியவள் நான், எனக்கு அது தெரியும்.

“நிறுத்துங்கக்கா” என்றாள் கோமதி. நிறுத்தினேன்.

“இந்தப் பக்கம் என்ன இருக்கு தெரியுமா? சமையக்கட்டு வழி. நான் அங்கதான் நிப்பேன்.” விரலால் திரையைத் தொட்டாள். “இது எல்லாம் நான் கூப்பிட்டதுக்கா. சாப்பிட வாங்கன்னு நான் கூப்பிட்டப்ப கெட்டுப்போனது. இதுல ஒண்ணுவிடாம அவரு என்னைத்தான் பாக்கறாரு.”

தினேஷ்தான் முதலில் வாயைத் திறந்தான். “அக்கா, இதான் நம்ம படத்தோட முடிவு. இது ஒண்ணு போதும், மிச்சத்த நான் பார்த்துக்கறேன்.” அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதைப் போட்டிருந்தால் எந்த ஊர்த் திரையிலும் ஆட்கள் எழுந்து நின்றிருப்பார்கள். அந்த நாற்பது ரீல் அசையாத பொம்மைக்கும் அப்போதுதான் அர்த்தம் வந்திருக்கும். எனக்கும் ஆசை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“வேணாம்” என்றாள் கோமதி. “இது எங்க வீட்டுப் படம். எங்க வீட்ல இருக்கட்டும்.”

தினேஷ் கெஞ்சினான், வாதாடினான், என்னைப் பார்த்தான். அவனுக்காக நான் ஒரு வார்த்தை பேசுவேன் என்று எதிர்பார்த்தான். நான் பேசியிருந்தால் அவள் சம்மதித்தும் இருப்பாள், அந்த நேரம் அவள் அப்படி இளகிப்போயிருந்தாள். நான் பேசவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு நிமிஷம், கையில் இருந்தது பதினெட்டு வினாடி. அதையும் பங்கு போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தினேஷ் எழுந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டான். ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு பை மங்குஸ்தீன் பழத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றான், அது எங்கள் சண்டை, உங்களுக்கு வேண்டாம்.

பிரேம்களையும் டின்னையும் அந்தப் பதினெட்டு வினாடியையும் கோமதி எடுத்துப் போய்விட்டாள். இங்கே இருந்த பிரதியை அவள் கண்ணெதிரே அழித்தேன். ஆகவே படம் முடியவில்லை. நீலப் பெட்டியில் இருப்பது நாற்பது ரீல் மேஜை. கணினியை வைத்து அதில் ஒரு மனிதரை உட்கார வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம். எழுந்து போன மனிதர் அவர், மரியாதைக்காக எழுந்து போனவர். விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இதுதான். ரீல் வந்ததும் பாருங்கள் என்பது பழைய பாட்டு, அதை உங்கள் கருவிகளே செய்துவிடுகின்றன. ஆனால் ஐந்து மாதத்தில், நானோ தினேஷோ, அந்த மனிதரிடம் போய் ‘அங்கிள், நாங்க எடுக்கறது உங்கள, பொம்மைய இல்ல’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டோம். யாரை எடுக்கிறீர்களோ அவரிடம் அதைச் சொல்லிவிட்டு எடுங்கள். சொல்ல அரை நிமிஷம் ஆகாது. இதைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு எரிச்சல். முதலில் என்மேல்தான்.

அன்று தினேஷ் வெளியே போன பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ போடுங்கக்கா” என்றாள். போட்டேன். கை வந்தது, கை போனது. கடிகாரம் வந்தது. முதல் முகம் வரும் இடம் இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஒரு நொடி முன்னால், நாற்காலியிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்து, அந்த வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில், “அப்பா, சாப்பிட வாங்க” என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.